நீள நீள இங்கிலீஷ் வார்த்தையை எப்படி உடைக்கிறது, அழுத்தம் எங்க போடுறது? (பாராமீட்டர்ல மாட்டிக்கிட்டேன்)

ராத்திரிப்பறவை:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சு வெக்கத்துல கேக்காம விட்ட கேள்வி. இங்கிலீஷ் படிப்பேன், எழுதுவேன், கிராமர்ல பெருசா தப்பு வராது, ஆனா வாய்விட்டு சொல்லும்போது நாலு துண்டுக்கு மேல ஒரு வார்த்தை வந்துட்டா நாக்கு தடுக்கி விழுது. போன வாரம் ஒரு வீடியோ கால்ல "பாரா-மீட்டர்"னு சொன்னேன். பாரா ஒரு துண்டு, மீட்டர் ஒரு துண்டு, ரெண்டையும் நல்லா அழுத்தி, தெளிவா சொல்றதா எனக்கு நினைப்பு. அந்தப் பக்கம் இருந்தவர் "சாரி?"ன்னார். இன்னும் மெதுவா, இன்னும் அழுத்தி சொன்னேன். மறுபடியும் "சாரி?". மூணாவது தடவை, சாட்ல டைப் பண்ணிடுங்களேன்னு அவரே சொல்லிட்டார். டைப் பண்ணதும் "ஓ... ப'ரேமிடர்!"னு ஒரு ஓ போட்டார் பாருங்க, அந்த ஓ இன்னும் காதுல கேட்டுட்டே இருக்கு.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து டிக்‌ஷ்னரியை புரட்டினேன். குழப்பம் ஜாஸ்திதான் ஆச்சு. ஒண்ணுல வார்த்தைக்கு நடுவுல புள்ளி வச்சு பிரிச்சிருக்கு, இன்னொரு ஆப்ல அதே வார்த்தையை வேற இடத்துல வெட்டியிருக்கு. "அபௌட்"னு சொன்னா வாய்க்கு ரெண்டு துண்டுதானே வருது, அ-பௌட், ஆனா மெரியம் வெப்ஸ்டர் டிக்‌ஷ்னரியில அதுக்கு நடுவுல புள்ளியே இல்ல. அப்ப அது ஒரே சிலபிளா? அழுத்தத்துக்கு ஏதாவது விதி இருக்கா, இல்ல ஒவ்வொரு வார்த்தையா மனப்பாடம்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கிண்டல் பண்ணாலும் பரவால்ல, பதில் வந்தா போதும்.

பழைய வாத்தி:

கிண்டல் பண்ண என்ன இருக்கு, நானும் இருபத்தஞ்சு வயசு வரைக்கும் "டிடர்மைன்"னுதான் சொல்லிட்டு இருந்தேன், அது டி-'டர்-மின். (கீழ எல்லாத்துலயும் அழுத்தம் விழுற துண்டுக்கு முன்னாடி ' னு ஒரு கோடு போடுறேன். டிக்‌ஷ்னரியில உச்சரிப்பு குடுக்கிற இடத்துலயும் இப்படித்தான் இருக்கும், துண்டுக்கு முன்னாடி மேல ஒரு குட்டிக் கோடு. நிறைய பேர் அது முன்னாடி இருக்கிற துண்டுக்குன்னு நினைச்சுக்கிறாங்க, இல்ல, பின்னாடி வர்றதுக்கு.)

முதல்ல எண்ணுறது. எழுத்தை எண்ணாதீங்க, உயிர் ஒலியை எண்ணுங்க. ஒரு உயிர் ஒலி, ஒரு சிலபிள், அவ்ளோதான். "ஸ்ட்ரெங்த்ஸ்" எழுதினா ஒன்பது எழுத்து, ஆனா ஒரே சிலபிள். "ஏரியா"வுக்கு நாலே எழுத்து, மூணு சிலபிள். "க்யூ"வுக்கு அஞ்சு எழுத்து, அதுல நாலு உயிரெழுத்து, இருந்தும் ஒண்ணே ஒண்ணு. தாடைக்கு கீழ கைய வச்சுக்கிட்டு சொல்லிப் பாருங்க, தாடை எத்தன தடவை இறங்குதோ அத்தன சிலபிள். இது நூத்துக்கு நூறு சரியா வராது, "ரிதம்" மாதிரி வார்த்தையில ரெண்டாவது துண்டுக்கு தாடை அசையவே அசையாது, ஆனா ஆரம்பத்துக்கு போதும்.

நாம தப்பு பண்ற இடம் வேற. இல்லாத உயிரை நாமளே உள்ள நுழைக்கிறோம். "ஃபில்ம்" ஒரு சிலபிள், நாம ஃபி-லிம்னு ரெண்டாக்கிடுவோம். "வாக்"ங்கிற வினைக்கு இறந்தகாலம் "வாக்ட்", ஒரே துண்டு, அதை வா-க்கெட்னு சொல்றவங்களை நிறைய கேட்டிருக்கேன். கடைசில ட் (t), ட (d) ஒலியில முடியுற வினைக்கு மட்டும்தான் அந்த எக்ஸ்ட்ரா துண்டு, "வான்-டட்", "நீ-டட்" மாதிரி. இன்னொரு பக்கம் இருக்கிற உயிரை அவங்க முழுங்கிடுவாங்க. "கம்ஃபர்டபிள்" எழுத்துப்படி பாத்தா நாலு, வாயில மூணு, 'கம்ஃப்-ட-பிள். "சாக்லேட்" ரெண்டு, 'சாக்-லட். "வெட்னஸ்டே"னு யாரும் சொல்றதில்ல, 'வென்ஸ்-டே.

அழுத்தத்துக்கு வருவோம். இதுல என்னோட ஒரே பாடம், தலையை பாக்காதீங்க, வாலை பாருங்க. நீள வார்த்தை கிரேக்க, லத்தீன் வம்சமா இருந்தா அழுத்தம் எங்கன்னு முக்கால்வாசி நேரம் வால்தான் முடிவு பண்ணுது. ஃபோட்டோகிராஃப் எடுத்துக்கோங்க. 'ஃபோ-ட-க்ராஃப். ஃப-'டா-க்ர-ஃபி. ஃபோ-ட-'க்ரா-ஃபிக். ஒரே வேர், வால் மாற மாற அழுத்தம் ஒவ்வொரு படியா பின்னாடி எறங்கி வருது. முதல் துண்டை பாத்துக்கிட்டே இருந்தா மூணையும் ஒரே மாதிரி சொல்லுவீங்க, ரெண்டு தப்பாப் போகும்.

"ஷன்"னு முடிஞ்சா, "இக்"னு முடிஞ்சா, எலக்ட்ரிஷியன் மாதிரி "ஷியன்"னு முடிஞ்சா, அழுத்தம் அதுக்கு ஒட்டின முந்தின துண்டுல. "இட்டி", "லஜி", "க்ரஃபி", "இக்கல்"னு முடிஞ்சா கடைசியிலேர்ந்து எண்ணி மூணாவது துண்டு. எ-'லெக்-ட்ரிக், எ-லெக்-'ட்ரி-சி-டி, எ-லெக்-'ட்ரி-ஷன். பல வால் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டியிருந்தா கடைசி வால் சொல்றதுதான் சட்டம்: 'நே-ஷன், 'நா-ஷ-னல், நா-ஷ-'னா-லி-டி. சில வால் வாயே திறக்காது, மென்ட், நெஸ், ஃபுல், லி, இங் எல்லாம் வந்து ஒட்டிக்கும், அழுத்தத்தை நகத்தாது. டி-'வெ-லப், டி-'வெ-லப்-மென்ட், டி-'வெ-ல-பர், மூணுலயும் 'வெ தான். நம்மாளுங்க 'டெவலப்னு தலையில தூக்கி வைக்கிறது இதுலதான் அதிகம்.

சிலது தானே அழுத்தத்தை வாங்கிக்கும், எஞ்சி-'னியர், ஜாப-'னீஸ் மாதிரி. விதிக்கு அடங்காததும் இருக்கு. "இக்"ல முடிஞ்சாலும் 'அ-ர-பிக், 'பா-லி-டிக்ஸ், 'லூ-ன-டிக். இந்த மாதிரி கொஞ்சம்தான், அதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க.

உங்க பாராமீட்டர் கதைக்கு வாங்க. அளக்கிற கருவியோட "மீட்டர்" வால் இருக்கே அதுவும் மூணாவது துண்டு கட்சி. தர்-'மா-மி-டர், ப-'ரா-மி-டர் (பாரோமீட்டர்), ஸ்பீ-'டா-மி-டர், அதே வழியில ப-'ரே-மி-டர், ரே-ங்கிறது மேட்ச், பேட்ல வர்ற ஏ மாதிரி. ஆனா நீள அலகா இருந்தா முதல் துண்டு: 'சென்-டி-மீ-டர், 'மில்-லி-மீ-டர். இதுல ரசமான ஒண்ணு மைக்ரோமீட்டர். திருகி அளக்கிற கருவின்னா மை-'க்ரா-மி-டர், மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குங்கிற அலகுன்னா 'மைக்-ரோ-மீ-டர். அமெரிக்க ஸ்பெல்லிங்கை பாத்தா தெரியாது, அழுத்தத்தை கேட்டாதான் எதைச் சொல்றாங்கன்னு புரியும்.

அச்சுக்கோப்பான்:

வாத்தி சார் நல்லா சொல்லிட்டார், அந்த புள்ளி விஷயத்துக்கு மட்டும் நான் வர்றேன், என் பொழப்பே அது. பறவை ப்ரோ, மெரியம் வெப்ஸ்டர்ல தலைச்சொல்லுக்கு நடுவுல இருக்கிற புள்ளி உச்சரிப்புக்கு போட்டதே இல்ல. வரி கடைசியில வார்த்தை கொள்ளலன்னா எங்க வெட்டி ஹைஃபன் போட்டு அடுத்த வரிக்கு தள்ளலாம்னு அச்சு வேலை பாக்கிறவங்களுக்கு காட்டுற புள்ளி அது. ஒத்தை எழுத்தை வரி ஓரத்துல தனியா தொங்க விட்டா அசிங்கமா இருக்கும்ல, அதான் அபௌட்டுக்கு புள்ளி இல்ல. சிலபிள் ரெண்டுதான், உங்க வாய் சரியாத்தான் சொல்லுது. வாய்க்கு வேணும்னா பக்கத்துல சாய்கோடுக்குள்ள இருக்கிற உச்சரிப்பை பாருங்க, புள்ளியை விட்டுடுங்க. பிரிட்டிஷ் பழக்கத்துல வெட்டும்போது சொல் எங்கேர்ந்து வந்துச்சு, எந்த உறுப்பு எதோட ஒட்டியிருக்குன்னு பாப்பாங்க, அமெரிக்க பழக்கத்துல காதுக்கு கேக்கிற மாதிரி வெட்டுவாங்க. உங்க ஆப்பும் டிக்‌ஷ்னரியும் சண்டை போட்டதுக்கு இதுவே ஒரு காரணமா இருக்கலாம்.

கம்ப்யூட்டர்ல இதை செய்றதுக்கு 1983-ல ஸ்டான்ஃபோர்டுல ஃப்ராங்க் லியாங் தன்னோட பிஎச்டி வேலையில ஒரு முறை கொண்டு வந்தார், டொனால்ட் க்னூத்தோட டெக்ங்கிற அச்சுக்கோர்ப்பு மென்பொருள் இங்கிலீஷை உடைக்கிறது அந்த முறையிலதான். முன்னாடி ரெண்டு எழுத்தாவது, பின்னாடி மூணு எழுத்தாவது மிச்சம் இல்லாம அது வெட்டாது. அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் எதுன்னா, கூடவே ஒரு சின்ன விதிவிலக்குப் பட்டியல் வச்சிருக்காங்க, அதுல "ப்ரெசன்ட்", "ப்ராஜெக்ட்" ரெண்டையும் எங்கயுமே வெட்டாதேன்னு எழுதியிருக்கும். ஏன்னு நினைக்கிறீங்க? ப்ரெசன்ட் பெயர்ச்சொல்லா இருந்தா 'ப்ரெஸ்-என்ட், வினையா இருந்தா ப்ரி-'சென்ட். அழுத்தம் மாறினா வெட்டுற இடமும் மாறுது. மெஷினுக்கு வாக்கியம் புரியாது, எதுன்னு தெரியாம தப்பா வெட்டுறதுக்கு வெட்டாமலே விட்டுடலாம்னு விட்டுட்டாங்க. ரெக்கார்டும் அப்படித்தான், பேர்னா 'ரெக்-கார்ட், செய்ற வேலைன்னா ரி-'கார்ட். ஆக உடைக்கிறதும் அழுத்தமும் தனித்தனி பாடம் இல்ல.

ராத்திரிப்பறவை:

ப்ரோ இல்லீங்க, சிஸ்டர் 🙂 ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. அந்த மைக்ரோமீட்டரை படிச்சுட்டு தனியா சிரிச்சேன். ஒரு சந்தேகம், அழுத்தம்னா என்ன பண்ணணும்? சத்தமா சொல்லணுமா? நான் சத்தமாத்தான் சொன்னேன், அதான் கதை கந்தலாச்சு.

வெண்பா கிறுக்கன்:

இதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். சிஸ்டர், நீங்க அழுத்தாததால பிரச்னை வரல, எல்லாத்தையும் அழுத்தினதால வந்துச்சு. தமிழ்ல எல்லா எழுத்துக்கும் அதுஅதுக்கான மரியாதை உண்டு, குறில்னா ஒரு மாத்திரை, நெடில்னா ரெண்டு, பெரும்பாலும் யாரையும் அமுக்கி வைக்கிறதில்ல. அழுத்தத்தை மாத்தி வச்சா நம்ம மொழியில பொருள் மாறாது, நீளத்தை மாத்தினாத்தான் மாறும், படம் பாடமாயிடும், கல் காலாயிடும். அதனால நம்ம காது நீளத்துக்கு பழகினது, அழுத்தத்துக்கு செவிடு. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு ஒரு ராஜா, பாக்கி துண்டெல்லாம் குனிஞ்சு நிக்கணும். குனிஞ்சு நிக்கிற உயிருக்கு ஷ்வான்னு பேர், டிக்‌ஷ்னரியில தலைகீழா கவுத்துப் போட்ட ஈ எழுத்து இருக்குமே அது, அந்த மொழியிலயே அதிகமா வர்ற உயிர் ஒலி அதுதான். எழுத்துல ஏ இருக்கலாம், ஓ இருக்கலாம், யூ இருக்கலாம், அழுத்தம் இல்லன்னா பாதிக்கு மேல அந்த மொண்ணையான "அ"வா போயிடும். ஃபோட்டோகிராஃபியில முதல் "ஃபோ" "ஃப"வா சுருங்கினதை வாத்தி எழுதினதுல பாருங்க.

இப்படி சுருங்குறது நமக்கு புதுசா? பாட்டு, காசு, பந்துன்னு சொல்லும்போது கடைசி உகரம் அரை மாத்திரையா குறுகி நிக்குதே, குற்றியலுகரம், ஸ்கூல்ல மார்க்குக்காக படிச்சோமே, அதேதான். "காசூ"ன்னு யாராவது கடைசியை இழுத்து சொன்னா எப்படி காதுல உறுத்தும்? நாம பா-ரா-மீ-ட்டர்னு சொல்றப்ப அவங்களுக்கு அப்படித்தான் உறுத்துது. அதனால என் வைத்தியம் இது: ராஜா துண்டுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க, மத்ததையெல்லாம் குற்றியலுகரம் மாதிரி அரை மாத்திரையில முடிச்சுட்டு நகருங்க. குரலை ஏத்தவே வேணாம், கம்மி பண்ண வேண்டியதை கம்மி பண்ணா போதும்.

ஒரு எச்சரிக்கை. யாப்பு தெரிஞ்சவங்க சிலபிளை அசைன்னு மொழிபெயர்த்துட்டு அசை பிரிக்கிற மாதிரி பிரிக்க போயிடாதீங்க, நான் போய் மாட்டியிருக்கேன். "மலர்" யாப்புல ஒரே நிரையசை, சிலபிள் கணக்குல ம-லர்னு ரெண்டு. "கணினி" நிரை நேர்னு ரெண்டு அசை, சிலபிள் மூணு. கணக்கு வேற.

பழைய வாத்தி:

கிறுக்கரே, ரெண்டு மாத்திரை உதாரணம் அழகா இருக்கு, ஆனா அப்படியே விட்டா "ப-ரேஏ-மிடர்"னு இழுத்துடுவாங்க. அழுத்தம் விழுற உயிர் குறிலாவும் இருக்கும், 'சி-டி ('சிட்டி'ன்னு நாம எழுதுறது) சொல்லும்போது சீன்னு இழுக்கிறதில்லயே. சுருதி கொஞ்சம் ஏறும், உயிர் சுத்தமா கேக்கும், பக்கத்துல இருக்கிறதை விட கொஞ்சம் நீளும், இது மூணும் சேந்ததுதான் அழுத்தம்.

வெண்பா கிறுக்கன்:

ஒத்துக்கிறேன் சார். பக்கத்துல இருக்கிறதை விட நீளம்னு திருத்திக்கோங்க. ரெண்டு மாத்திரைங்கிறது கை பழகுற வரைக்கும்.

சும்மா படிக்கிறேன்:

இவ்ளோ விதி யாருங்க ஞாபகம் வச்சுக்கிறது, பேசும்போது கடைசியிலேர்ந்து மூணு எண்ணிட்டு உக்காந்திருந்தா எதிர்ல இருக்கிறவர் காலை கட் பண்ணிட்டு போயிடுவார். நல்லா காது குடுத்து கேட்டு திருப்பி சொன்னாலே தானா வந்துடும். அப்புறம் அவங்களுக்குள்ளயே ஒத்து வரல, லேபரட்டரிக்கு பிரிட்டிஷ்காரங்க ல-'பா-ர-ட்ரிங்கிறாங்க, அமெரிக்காகாரங்க 'லாப்-ர-டோ-ரிங்கிறாங்க, அட்வர்டைஸ்மென்டும் அதே கதை. இதுல நாம மட்டும் எதுக்கு பயந்து சாகணும்?

பழைய வாத்தி:

தம்பி, கேட்டு பழகுறதுதான் ராஜபாட்டை, மறுக்கல. ஆனா கேக்காத வார்த்தையை முதல் தடவை புக்குல பாக்கும்போது என்ன பண்ணுவீங்க? நம்ம வார்த்தைல பாதி கண்ணால வந்தது, காதால வரல, சிஸ்டருக்கும் அதான் ஆச்சு. விதி பேசும்போது எண்ணுறதுக்கு இல்ல, முந்தின நாள் ராத்திரி தயார் பண்றதுக்கு. லேபரட்டரி மாதிரி ரெண்டு பக்கமும் சரியானது இருக்கத்தான் செய்யுது, அதுல ஏதாவது ஒண்ணை பிடிச்சுக்கிட்டு அதுலயே நில்லுங்க, அவ்ளோதான்.

ராத்திரிப்பறவை:

சரி, அடுத்த காலுக்கு நான் பேசப் போற வார்த்தைகளை நானே வாலைப் பிடிச்சு பிரிச்சுட்டேன், திருத்துங்க. மெ-த-'டா-ல-ஜி. ஹை-'பா-த-சிஸ், ஹை-ப-'தெ-டி-கல். ஸ்ட-'டிஸ்-டி-கல், ஸ்டா-டிஸ்-'டி-ஷன். கா-ரக்-ட-'ரிஸ்-டிக். ரி-ஸ்பான்-சி-'பி-லி-டி, ஆறு துண்டு, எண்ணிட்டேன். இன்-ஃப்ர-'ஸ்ட்ரக்-சர். வே-ரி-'யே-பிள். எஸ்-டி-'மேட். கடைசில இன்டர்நேஷனலைசேஷன், இதை சொல்லவே மூச்சு வாங்குது, இன்-டர்-நா-ஷ-ன-லை-'சே-ஷன், எட்டு துண்டு, சரியா?

பழைய வாத்தி:

முதல் ஏழும் ஜோர். கடைசியும் ஜோர், எட்டேதான். இருபது எழுத்து அது, டைப் பண்ண சோம்பல் பட்டுத்தான் சாஃப்ட்வேர்காரங்க முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் வச்சுட்டு நடுவுல 18னு போட்டு ஐ18என்னு எழுதுறாங்க. அவ்ளோ நீளத்துல ராஜா ஒண்ணா இருந்தாலும் மந்திரி ஒண்ணு வேணும், நா-ங்கிற இடத்துல லேசா ஒரு தட்டு தட்டிட்டு போங்க, டிக்‌ஷ்னரியில அதுக்கு கீழ்ப்பக்கமா ஒரு கோடு இருக்கும்.

நடுவுல மூணு தப்பு. இன்ஃப்ராஸ்ட்ரக்சர்ல வாலைப் பிடிச்சுட்டீங்க, அங்க வாலுக்கு அதிகாரம் இல்ல, ஸ்ட்ரக்சர்ங்கிற முழு வார்த்தைக்கு முன்னாடி ஒட்டு போட்டது, ஒட்டுதான் அழுத்தத்தை எடுத்துக்குது: 'இன்-ஃப்ர-ஸ்ட்ரக்-சர். வேரியபிள் 'வே-ரி-ய-பிள், "ஏபிள்" வாலும் பெரும்பாலும் அழுத்தத்தை நகத்தாத கட்சி, 'வேரி-ல ஆரம்பிச்ச அழுத்தம் அங்கயே இருக்கும், "யே"னு இழுக்காதீங்க. எஸ்டிமேட்டுக்கும் 'எஸ், "ஏட்"னு முடியுற மூணு துண்டு, நாலு துண்டு வினைக்கெல்லாம் கடைசியிலேர்ந்து மூணாவது, க-'ம்யூ-னி-கேட் மாதிரி. ஆனா ஒரு நுணுக்கம் பாருங்க. மதிப்பு போடுறதுங்கிற வினைன்னா 'எஸ்-டி-மேட், மதிப்புங்கிற பேர்னா 'எஸ்-டி-மட். அழுத்தம் நகரல, கடைசி உயிர் மட்டும் குனிஞ்சுக்குது. உங்க ஸ்லைடுல எது வருது?

ராத்திரிப்பறவை:

பேர்தான். அப்ப 'எஸ்டிமட். இத்தன வருஷமா எல்லாத்தையும் மேட் மேட்னே சொல்லிட்டு இருந்திருக்கேன். அப்புறம் கிலோமீட்டர்? அது அலகுதானே, 'கி-லோ-மீ-டர்னு முதல் துண்டா? ஆனா கி-'லா-மி-டர்னு பல பேர் சொல்லி கேட்டிருக்கேனே.

அச்சுக்கோப்பான்:

ரெண்டுமே டிக்‌ஷ்னரியில இருக்கு சிஸ்டர். அலகு கணக்குப்படி முதல் துண்டுதான் ஒழுங்கு, ஸ்பீடோமீட்டர் மாதிரி கருவிப் பேரை கேட்டு கேட்டு வாய் அந்தப் பக்கம் சாஞ்சுடுச்சு, இப்ப அதுவும் சரின்னு ஆயிடுச்சு. உங்களுக்கு எது வழுக்கிட்டு வருதோ சொல்லுங்க, யாரும் சாட்ல டைப் பண்ண சொல்ல மாட்டாங்க.